ஏர் கூல்டு வண்டி, ஆயில் பிரஷர், வெளி ஃபில்டர், கூலர்: ஷெட்டுல திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

தண்டையார்பேட்டைல திருவொத்தியூர் ஹை ரோட்ட ஒட்டின சந்துல நம்ம ஷெட். 1955-ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்ச காலத்துலேருந்து நம்ம ஊரு புல்லட்டுக்கு தாய் வீடு திருவொத்தியூர் தான், அதனால தெருவுக்கு ஒரு பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டாவது நிக்கும். கூடவே பல்சர், காசிமேட்டு ஃபைபர் போட்டோட டீசல் எஞ்சின், எப்பவாவது ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். வர்றவங்க எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய ஒண்ணு தான், "அண்ணே, ஆயில் கூலர் ஒண்ணு மாட்டிடலாமா?" எண்ணெய காத்துல ஆற வைக்கிற குட்டி ரேடியேட்டர் தான் கூலர். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிப் போடறேன்.

பம்ப் தானே பிரஷர் குடுக்குது? பிரஷர் கம்மினா பம்ப் போச்சுன்னு தானே அர்த்தம்?

இல்ல தம்பி. வீட்டு அடிபம்ப நெனச்சுக்கோ. ஒரு அடிக்கு இவ்ளோ தண்ணின்னு அது கணக்கா தள்ளும். வாய தொறந்து வுட்டா சும்மா குடத்துல கொட்டும், உள்ளங்கைய வச்சு வாய அடைச்சா தான் கையில அழுத்தம் தெரியும். அந்த அழுத்தம் உன் கை குடுத்த தடைலேருந்து வருது, பம்ப் குடுத்தது தண்ணி மட்டும் தான். எஞ்சின்லயும் அதே கதை. பேரிங்குக்கும் கிராங்குக்கும் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) நடுவுல இருக்குற மெல்லிசு இடைவெளி தான் உன் உள்ளங்கை. பேரிங் தேஞ்சு இடைவெளி பெருசாச்சுன்னா கை விலகின மாதிரி, எண்ணெய் தடையில்லாம வழிஞ்சு ஓடும், மீட்டர்ல முள்ளு எறங்கும். சூடாகி எண்ணெய் தண்ணி மாதிரி ஆனாலும் அதே தான் நடக்கும். அதனால முள்ளு எறங்கிச்சுன்னா நாலு பேர் மேல சந்தேகப்படணும்: எண்ணெய் கம்மி, எண்ணெய் ரொம்ப சூடு இல்ல நீர்த்துப் போச்சு, பேரிங் தேஞ்சு போச்சு, அதிக பிரஷர வெளிய விடுற ரிலீஃப் வால்வ் தொறந்தபடியே மாட்டிக்கிச்சு. பம்ப் அஞ்சாவது ஆளு.

அப்ப எவ்ளோ இருந்தா நல்லது?

ஷெல் பேரிங் (ரெண்டு அரைவட்டத் தகடு) போட்ட எஞ்சினுக்கு மெக்கானிக்குங்க ரொம்ப நாளா சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, எண்ணெய் நல்லா சூடான பிறகு 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு). 3000-ல ஓடுறப்ப 30 காட்டினா நிம்மதியா போலாம். 1 பார்னா 14.5 பிஎஸ்ஐ, மீட்டர்ல கேஜின்னு போட்டிருந்தா அதுவும் கிட்டத்தட்ட 1 பார் தான், குழப்பிக்காத.

ஆனா இந்த கணக்க எல்லா வண்டிக்கும் போடாத. நம்மூர்ல ஓடுற 150, 220 சிசி வண்டிங்க பலதுல கிராங்க்ல பால் பேரிங், பிக் எண்டுல (கனெக்டிங் ராடு கிராங்க்க புடிக்கிற இடம்) ரோலர். ரோலருக்கு எண்ணெய் பட்டா போதும், அழுத்தம் தேவையில்ல. பழைய புல்லட்டுல பிக் எண்டுல ஃப்ளோட்டிங் புஷ் (சுத்துற உலோக வளையம்), ஆனா அந்த எஞ்சினே ரொம்ப கம்மி பிரஷர்ல ஓடுறதுக்குன்னு செஞ்சது. அதுல மீட்டர மாட்டிட்டு "அண்ணே முள்ளு எழவே மாட்டேங்குது"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்றவங்க இருக்காங்க. தூங்குப்பா.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல நிக்கும்போது ஆயில் லைட்டு மின்னுது, கிளம்பினா அணைஞ்சுடுது. கூலர் போட்டா சரியாகுமா?

கேட் மூடினா அரை மணி நேரம் கூட நிக்க வேண்டி வரும், மே மாசம் வெயில், எல்லாரும் எஞ்சின ஆஃப் பண்ணாம உறுமிக்கிட்டு இருப்பாங்க. யோசிச்சுப் பாரு, ஐடில்ல பம்ப் மெதுவா சுத்துது, எண்ணெய் ஃபுல் சூடு, காத்து சுத்தமா இல்ல. மூணும் ஒண்ணா சேர்ற இடம் அது. இப்ப நீ முன்னாடி ஒரு கூலர் மாட்டினா அதுக்கும் காத்து வேணும்ல? நிக்குற வண்டில கூலர்ன்றது சுடு எண்ணெய ரொப்பி வச்ச டப்பா, அவ்ளோ தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல 80-ல போறப்ப தான் அது வேலை செய்யும், அங்க உனக்கு லைட்டே எரியலையே.

கேட்டுல எஞ்சின ஆஃப் பண்ணு, காசு செலவே இல்ல. அப்புறம் எண்ணெய் லெவல் பாரு. லெவல் சரி, எண்ணெயும் புதுசு, அப்பவும் மின்னுதுன்னா மெக்கானிக்கல் மீட்டர் மாட்டி அளந்து பாக்கணும். லைட்டோட சுவிட்ச் ரொம்ப கம்மி பிரஷர்ல தான் எரியும், பல வண்டில அரை பார் கூட இருக்காது. அதனால லைட்டு அணைஞ்சிருக்குன்றதால பிரஷர் நல்லா இருக்குன்னு நெனச்சுடாத, லைட்டு எரியுதுன்னா மட்டும் ஒதுக்கிடாத.

காஸ்ட் அயர்ன் புல்லட்டுல எண்ணெய் எப்படி தான் ஓடுது? வெளி ஃபில்டர எங்க மாட்டுறது?

இத கொஞ்சம் பொறுமையா படி, இங்க தான் நெறைய பேர் கோட்டை விடறாங்க.

புல்லட்டு டிரை சம்ப், அதாவது எண்ணெய் எஞ்சின் அடில தேங்காம தனி டேங்க்ல இருக்கும். கிராங்க் கேஸுக்கு பின்னாடியே எண்ணெய் டேங்க் ஒட்டி இருக்கு. டைமிங் பக்கம் கிராங்க் முனையில ஒரு வார்ம் (திருகுப் பல்லு), அது ஒரு ஷாஃப்ட்ட சுத்தும், ஷாஃப்ட்டோட ரெண்டு முனையில ரெண்டு பிளஞ்சர் பம்ப். ஒண்ணு டேங்க்லேருந்து எண்ணெய எடுத்து ஃபெல்ட் (கம்பளித் துணி) ஃபில்டர் வழியா கிராங்குக்கு அனுப்பும். இன்னொண்ணு பெருசு, கீழ வடிஞ்ச எண்ணெய உறிஞ்சி டேங்குக்கே திருப்பும், போற வழில வெளிய தெரியுற அந்த பைப்ல ஏத்தி ராக்கருக்கும் (ஹெட்ல வால்வ அமுக்குற கை) கொஞ்சம் குடுக்கும். ரிட்டர்ன் பம்ப் எண்ணெயோட காத்தையும் சேத்து உறிஞ்சறதால அந்த பைப்ல எண்ணெய் விட்டு விட்டு நுரையோட வரும். அது நார்மல், பயந்துடாத.

கிராங்குக்கு எண்ணெய் நுழையுற இடத்துல டைமிங் கவருக்குள்ள ஒரு சின்ன கார்க் சீல் இருக்கு. சுண்டுவிரல் நுனி சைஸு கூட இருக்காது. அது அழுந்திப் போயோ விண்டு போயோ இருந்தா பம்ப் எவ்ளோ தள்ளினாலும் எண்ணெய் கிராங்குக்குள்ள போகாம டைமிங் கவருக்குள்ளயே ஒழுகிடும், பிக் எண்ட் காஞ்சு கருகும். பிக் எண்ட் சத்தம்னு என்கிட்ட வர்ற வண்டிங்கள்ல நான் மொதல்ல கவர தொறந்து அந்த கார்க்க தான் பாப்பேன். டீ காசு விஷயம். அத பாக்காம ஆயிரக் கணக்குல கூலர் வாங்கி மாட்டுறாங்க, இன்னா சொல்றது.

இப்ப வெளி ஃபில்டர். கைக்கு சுலபமா எட்டுறது ராக்கர் பைப் தான், அதனால எல்லாரும் அத வெட்டி அங்க மாட்டுறாங்க. தப்பில்ல, ஆனா அந்த பைப்ல போற எண்ணெய் மட்டும் தான் வடிகட்டும், கிராங்குக்கு போறது அந்த பக்கமே வராது. எஞ்சின் முழுக்க சுத்தமாகுதுன்னு நெனச்சுக்கிட்டு உள்ள இருக்குற ஃபெல்ட்ட மாத்தாம வுட்டா வேலை முடிஞ்சுது.

நீங்க மாட்டி ஏதாவது சொதப்பியிருக்கீங்களா?

ஏன் இல்ல. பல வருஷம் முன்னாடி என் சொந்த வண்டில கார் ஃபில்டர் ஒண்ண ராக்கர் லைன்ல மாட்டினேன். ஹோஸ் ரெண்டையும் மாத்தி சொருகிட்டேன், இன்லெட்டுல அவுட்லெட். திருகுற ஃபில்டர்ல ஓரத்துல வட்டமா இருக்குற சின்ன ஓட்டைங்க வழியா எண்ணெய் உள்ள போகணும், நடுவுல இருக்குற பெரிய ஓட்டை வழியா வெளிய வரணும். அந்த ஓர ஓட்டைங்களுக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் மடிப்பு இருக்கு, வண்டி நிக்கும்போது எண்ணெய் பின்னாடி வடியாம தடுக்க. நான் நடுவுல வுட்ட எண்ணெய் அந்த ரப்பரையே அழுத்தி மூடிடுச்சு, ஒரு சொட்டு வெளிய வரல.

டோல்கேட் தாண்டறதுக்குள்ள மேல ஹெட்லேருந்து சத்தம், தகர டப்பால கல்லப் போட்டு குலுக்குற மாதிரி. ஓரம் கட்டி ராக்கர் பக்கத்து பேஞ்சோ போல்ட்ட (நடுவுல ஓட்டை போட்டு எண்ணெய் போற போல்ட்டு) லூஸ் பண்ணிப் பாத்தா வறண்டு கெடக்கு, விரல் வச்சா சுட்டுச்சு. ராக்கர் பேரிங் ரெண்டும் கோடு கோடா கீறிப் போச்சு. அன்னைலேருந்து எந்த வண்டில எந்த ஃபில்டர் மாட்டினாலும் ஹோஸ் மேல பெயிண்டால ஒரு அம்புக்குறி போட்டுடுவேன், பசங்க சிரிக்கிறாங்க, சிரிச்சுட்டு போட்டும்.

ஹோஸ் எந்த சைஸு? கடைல இருந்த பெட்ரோல் டியூபே போதுமா?

பெட்ரோல் டியூப் வேணாவே வேணாம், சூடு எண்ணெய்ல ஊறி நெகிழ்ந்துடும், ஒரு நாள் கிளிப்ப விட்டு கழண்டு பின் டயர் மேலயே ஊத்தும். அதுக்கப்புறம் நீ பிரேக் அடிக்கிறது தரையில நீயே போய் உக்கார்றதுக்கு தான். மாதவரம், மணலி பக்கம் லாரிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கிற கடைங்க இருக்கு, அங்க அளவு குடுத்து ரெண்டு முனையும் பிரஸ் பண்ணி வாங்கு.

சைஸ் விஷயத்துல உள் விட்டம் தான் முக்கியம். விட்டம் பாதியாச்சுன்னா தடை ரெண்டு மடங்குன்னு நெனப்பாங்க, இல்ல, 16 மடங்கு. 10 மில்லிமீட்டர் போக வேண்டிய இடத்துல 8 போட்டாலே ஏறக்குறைய 2.4 மடங்கு தடை. நீளம் கூடுற அளவுக்கும் தடை ஏறும். அதனால அழகுக்காக சுத்தி வளைச்சு ஓட்டாத. ஹோஸ் நல்ல சைஸா இருந்தும் முனையில போடுற பேஞ்சோ போல்ட்டு ஓட்டை 4 மில்லிமீட்டர்னா எல்லா புண்ணியமும் அங்கயே போச்சு, மொத்த லைன்லயும் எது சின்னதோ அது தான் கணக்கு.

பம்புக்கு முன்னாடி ஃபில்டர் வச்சா பம்பையும் காப்பாத்தலாம்ல?

வேணாம். பம்ப் தள்ளுறதுல சூரன், உறிஞ்சறதுல சோதா. உறிஞ்சற பக்கம் எண்ணெய உள்ள தள்ளுறது வெளி காத்தோட அழுத்தம், அது மொத்தமே 1 பார். அங்க நெருக்கமான பேப்பர் ஃபில்டர் வச்சா, காலையில எண்ணெய் கெட்டியா இருக்குறப்ப பம்புக்கு எண்ணெயே எட்டாது, குமிழி குமிழியா வெற்றிடம் வந்து பிரஷர் ஆடும். அந்த பக்கம் வலை போதும், கல்லு மண்ணு ஆணி துண்டு வராம இருக்க. ஃபில்டர பம்புக்கு அப்புறம் தான் வைக்கணும்.

கார் ஃபில்டரே மாட்டலாமா?

மாட்டலாம், எல்லாரும் அதத்தான் மாட்டுறோம். பாக்க வேண்டியது பைபாஸ் வால்வ். ஃபில்டர் அடைச்சாலோ எண்ணெய் கெட்டியா இருந்தாலோ வடிகட்டாமயாவது எண்ணெய் போகட்டும்னு தொறக்குற வால்வ் அது. கார் ஃபில்டர்ல அது தொறக்கணும்னா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 1 பார் வித்தியாசம் வரணும். புல்லட்டு மாதிரி கம்மி பிரஷர் லைன்ல அந்த அளவு வருமான்றதே சந்தேகம், அப்ப அடைச்ச ஃபில்டர் நேரா சாவுமணி தான். அதனால அந்த மாதிரி லைன்ல மாட்டினவங்க ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் ஃபில்டர மாத்திடுங்க. மாட்டும்போது வாய் மேல் பக்கம் பாக்குற மாதிரி மாட்டினா எண்ணெய் உள்ளயே நிக்கும், காலைல மொத ஸ்டார்ட்டுக்கு நல்லது.

சென்னை வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு? குளிரே இல்லையே?

நான் கூட அப்படி தான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா தண்டையார்பேட்டைலேருந்து ராயபுரம் மார்க்கெட்டுக்கு போய் மீன் வாங்கிட்டு வர்ற வண்டிக்கு எண்ணெய் சூடாகவே நேரம் இல்ல, அதுல கூலர் வேற இருந்தா இன்னும் மோசம். எரிஞ்ச பெட்ரோல்லேருந்து வர்ற ஈரம் எண்ணெய்ல சேரும், நம்ம கடக்கரை ஈரமும் கூட. எண்ணெய் நல்லா சூடானா தான் அது ஆவியாகிப் போகும். இல்லன்னா ஃபில்லர் மூடிக்கு அடில மோர் மாதிரி வெளுப்பா படியும். எண்ணெய் 80-லேருந்து 110 டிகிரிக்குள்ள இருந்தா சந்தோஷம், 130 தாண்டினா மினரல் ஆயில் சீக்கிரம் கெட்டுடும். 80 பக்கத்துல தொறக்குற தெர்மோஸ்டாட் இருந்தா போதும். அது கெடைக்கலையா, டிசம்பர், ஜனவரில கூலருக்கு முன்னாடி ஒரு தகடு சொருகு, லாரிக்காரங்க ரேடியேட்டர்ல அட்டை சொருகுவாங்கல்ல, அது மாதிரி.

சூட்ட துப்பாக்கி தெர்மோமீட்டர்ல அளக்கறவங்களுக்கு ஒண்ணு: பளபளன்னு இருக்குற அலுமினியத்த பாத்து அடிச்சா கம்மியா காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அடி.

கூலர எங்க மாட்டுறது? துருப்பிடிக்குமா?

காத்து படுற இடத்துல. ஆனா சிலிண்டர் ஃபின்னுக்கு நேர் முன்னாடி வச்சு அதுக்கு போற காத்தையே மறைக்காத, எண்ணெய 10 டிகிரி எறக்கி ஹெட்ட 20 டிகிரி ஏத்தினா இன்னா லாபம்? ஃப்ரேமுக்கு முன்னாடி கொஞ்சம் ஓரமா, ரப்பர் புஷ் வச்சு, ஹோஸ் வாய் மேல பாக்குற மாதிரி. வாய் கீழ பாத்தா உள்ள காத்து தங்கும். எண்ணூர், காசிமேடு பக்கம் வீடுன்னா உப்புக் காத்து அலுமினியத்த வெள்ளையா பொடியாக்கும், மணலி ரோட்டுல தெனம் போறவங்களுக்கு தூசியும் எண்ணெயும் சேந்து ஃபின் நடுவுல கேக் மாதிரி அப்பும். மாசம் ஒரு தடவை மண்ணெண்ணெய் பிரஷ், அப்புறம் சாதா தண்ணி. வாட்டர் சர்வீஸ் கன்ன கிட்ட வச்சு அடிச்சா ஃபின் எல்லாம் மடங்கிடும்.

பிரஷர் கம்மியா இருக்கு, கெட்டி எண்ணெய் ஊத்திடலாமா?

முள்ளு ஏறும், உன் மனசு ஆறும், பேரிங்குக்கு போற எண்ணெய் கம்மியாகும். புல்லட்டுக்கு 20டபிள்யூ50 கிரேடு எண்ணெய் போதும், கியர்பாக்ஸ் சேந்தே வர்ற புது யூனிட் எஞ்சின்னா 15டபிள்யூ50. 50 கிரேடுன்னா 100 டிகிரில 16.3-லேருந்து 21.9 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள (கெட்டித்தன்மையோட அளவு), 40 கிரேடுன்னா 12.5-லேருந்து 16.3-க்குள்ள. அதனால கிரேடு ஒரு படி மாறினாலே வித்தியாசம் தெரியும், அதுக்கு மேல தேட வேண்டியதில்ல. வெட் கிளட்ச் (கிளட்ச் எஞ்சின் எண்ணெய்லயே ஊறுற) வண்டில ஜாசோ எம்ஏ போட்ட டப்பாவா பாத்து வாங்கு, இல்லன்னா கிளட்ச் வழுக்கும். காஸ்ட் அயர்ன் புல்லட்டுல கிளட்சுக்கு தனி எண்ணெய், அந்த கவலை இல்ல.

காசிமேட்டுலேருந்து: ஃபைபர் போட்டுல ஏர் கூல்டு டீசல் எஞ்சின், நீள வால் ப்ரொபெல்லர். ஆயில் லெவல் குறையாம கூடுது, நல்லது தானே?

அய்யோ இல்ல அண்ணே, அது தான் ரொம்ப கெட்டது. ஊத்தாமயே லெவல் ஏறுதுன்னா டீசல் உள்ள எறங்குது. இன்ஜெக்டர் ஒழுகுது, இல்ல ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, இல்ல பம்ப் சீல் போச்சு. ஆயில் அளவு பாக்குற குச்சிய எடுத்து மோந்து பாருங்க, டீசல் வாசம் தெரியும், விரல் நடுவுல தேச்சா வழவழப்பே இருக்காது. அந்த எண்ணெய்ல எஞ்சின ஓட்டினா நடுக்கடல்ல நிக்க வேண்டியது தான். கூலரும் வேணாம் ஒண்ணும் வேணாம், மொதல்ல அத பாருங்க.

இன்னொண்ணு, கரைக்கு வரும்போது வால தூக்குறீங்கல்ல, அப்ப எஞ்சின் முன்பக்கம் சாயும். எண்ணெய் கம்மியா இருந்தா உறிஞ்சற குழாய் வெளிய வந்துடும். தூக்கி வச்சுக்கிட்டு ரேஸ் குடுக்காதீங்க.

பீட்டில் காருக்கு?

அதுல திருகுற ஃபில்டரே கம்பெனில குடுக்கல, கீழ ஒரு வலை, மொத்தம் 2.5 லிட்டர் எண்ணெய், அவ்ளோ தான். கூலர் ஏற்கெனவே ஃபேன மூடுற தகர டின்னுக்குள்ள இருக்கு. காலைல எண்ணெய் கெட்டியா இருந்தா ஒரு வால்வ் தொறந்து கூலருக்கு போகாமயே எண்ணெய அனுப்பிடும். அந்த வால்வ் பிஸ்டன் சிக்கிக்கிச்சுன்னா கெட்டி எண்ணெயோட பிரஷர் முழுசும் கூலர் மேல போய் வெடிச்சுடும். அதனால வெளி கூலர் வாங்குறதுக்கு முன்னாடி அடில இருக்குற அந்த பெரிய ஸ்க்ரூவ கழட்டி பிஸ்டன் வழுக்கி வெளிய விழுதான்னு பாருங்க. ஃபில்டர் வேணும்னா பம்ப் கவர மாத்தி, கேஸ்ல ஓட்டை போட்டு மரை எடுத்து ஃபுல் ஃப்ளோவா (எண்ணெய் முழுசும் ஃபில்டர் வழியா போற மாதிரி) பண்ணணும், நல்ல டர்னர் கிட்ட போங்க.

மீட்டர் எங்க மாட்டுறது?

ஃபில்டர், கூலர் எல்லாம் தாண்டி, பேரிங்குக்கு போற லைன்ல. பம்ப் வாயிலயே மாட்டினா அடைச்ச ஃபில்டருக்கு கூட சூப்பரா பிரஷர் காட்டும், ஏமாந்துடுவ. மரை விஷயத்துல ஜாக்கிரதை, எட்டுல ஒண்ணு பிஎஸ்பி, எட்டுல ஒண்ணு என்பிடி, எம்10 1 பிட்ச் மூணும் கண்ணுக்கு ஒண்ணு மாதிரியே இருக்கும், ரெண்டு சுத்து கையாலயே ஏறும். மூணாவது சுத்துல இறுகுச்சுன்னா நிறுத்து, ஸ்பேனர் போட்டா அலுமினியம் கேஸ் விரிசல் விடும்.

மாட்டி முடிச்சாச்சு, ஸ்டார்ட் பண்ணலாமா?

இரு. 10 மில்லிமீட்டர் ஹோஸ் 2 மீட்டர் போட்டிருந்தா அதுலயே ஏறக்குறைய 157 மில்லி எண்ணெய் புடிக்கும், ஃபில்டரும் கூலரும் தனி. ஃபில்டர்ல எண்ணெய் ரொப்பி மாட்டு. பிளக்க கழட்டி, புல்லட்டுன்னா டிகம்ப்ரஷர (கம்ப்ரஷன எறக்குற லீவர்) புடிச்சுக்கிட்டு, ராக்கர் பேஞ்சோவ லூஸ் பண்ணி எண்ணெய் எட்டிப் பாக்குற வரைக்கும் கிக் அடி. வேர்க்கும், அடி. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம், ஆஃப், லெவல் பாத்து குறைஞ்சத ஊத்து. மறுநாள் காலைல ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் அடில ஒரு நியூஸ்பேப்பர் விரிச்சுப் பாரு, கண்ணுக்கு தெரியாத ஒழுகல் பேப்பர்ல தெரியும்.

பழைய எண்ணெய காவால ஊத்தாத. 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் மெதந்து மீன்காரங்க வலையெல்லாம் கருப்பானத பாத்தோம்ல. கேன்ல புடிச்சு வை, வாங்கிட்டு போக ஆள் வருவாங்க.

அண்ணே, உங்க புல்லட்டுல கூலர் இருக்கா?

இல்ல. ஃபில்டரும் இல்ல, டோல்கேட் சம்பவத்துக்கு அப்புறம் கழட்டிட்டேன். ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் புது ஃபெல்ட், கவர தொறக்குறப்ப எல்லாம் புது கார்க். பிரஷர் மீட்டர் ஷெட்டுல ஆணில தொங்குது, ஹோஸோட. வேணும்னா எடுத்துட்டு போ, சாயங்காலம் கடை மூடறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடு.